இருபடிச் சார்பு அச்சுகளை எங்கே வெட்டும்? நடுக்கோட்டிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

தாராவியிலிருந்து விடிகாலையில் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி இட்லி விற்கக் கிளம்புகிறவர்களை மும்பைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்களில் ஒரு அண்ணாச்சி, சைக்கிளை ஓரம்கட்டிவிட்டு ஒரு சின்னக் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. ஒரு பிளேட் இட்லிக்கு அரிசி, உளுந்து, சட்னி, சாம்பார் எல்லாம் சேர்த்து அடக்கவிலை 10 ரூபாய். வாடகை, கேஸ், உதவிக்கு நிற்கும் தம்பியின் கூலி என்று ஒரு நாளைக்கு 1000 ரூபாய், விற்றாலும் விற்காவிட்டாலும் போய்விடும். விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் குறைவார்கள். ஒரு பிளேட் எக்ஸ் ரூபாய் என்று வைத்தால் 140 − 2எக்ஸ் பிளேட் விற்கும்.

ஒரு நாள் லாபம் ஒய் என்றால்:

ஒய் = (எக்ஸ் − 10)(140 − 2எக்ஸ்) − 1000

பெருக்கிச் சுருக்கினால்:

ஒய் = −2எக்ஸ்² + 160எக்ஸ் − 2400

இது ஒரு இருபடிச் சார்பு. இதன் வரைபடம் பரவளையம் என்கிற வளைவு. அண்ணாச்சி இரண்டு கேள்வி கேட்பார். என்ன விலை வைத்தால் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் சமமாக நிற்கும்? திறப்பு விழா அன்று எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தால் எவ்வளவு கைநஷ்டம்? முதல் கேள்வி, வளைவு எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது என்பது. இரண்டாவது, ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்பது. இவற்றைத்தான் பாடப்புத்தகம் எக்ஸ் வெட்டுத்துண்டு, ஒய் வெட்டுத்துண்டு என்கிறது. ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கு இன்டர்செப்ட்.

மகாராஷ்டிர போர்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு, அல்ஜீப்ரா புத்தகத்தின் 2ஆம் பாடம். அங்கே கவனம் பெரும்பாலும் சமன்பாட்டைத் தீர்ப்பதில்தான். சிபிஎஸ்இ புத்தகம் பல்லுறுப்புக் கோவைப் பாடத்திலேயே வளைவையும் காட்டிவிடுகிறது. எந்த போர்டாக இருந்தாலும் பிள்ளைகள் செய்கிற காரியம் ஒன்றுதான்: சமன்பாட்டைப் பார்த்த உடனே நடு உறுப்பைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். வளைவு அச்சைத் தொடுமா என்றுகூட யோசிப்பதில்லை. என் கட்சி வேறு. முதலில் வளைவின் நடுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். மீதியெல்லாம் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் சமதூரத்தில் தானாக வந்து நிற்கும்.

சமன்பாடுகளை வாய்விட்டுப் படிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொடங்கும் முன்: வரிசைப்படுத்துங்கள்

எந்தச் சார்பாக இருந்தாலும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்:

ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி

ஏ பூஜ்யமாக இருக்கக் கூடாது. இருந்தால் அது நேர்க்கோடு. நம் இட்லிக் கடையில் ஏ = −2, பி = 160, சி = −2400. குறியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பி என்றால் 160, சி என்றால் மைனஸ் 2400. குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுப்பவர்கள் கடைசி வரியில் அழுவார்கள்.

படி 1: ஒய் அச்சை வெட்டும் இடம்

ஒய் அச்சின் மேல் இருக்கிற எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் மதிப்பு பூஜ்யம். அதனால் எக்ஸ் = 0 என்று போடுங்கள். எக்ஸ் இருக்கிற உறுப்புகள் எல்லாம் காணாமல் போகும். சி மட்டும் மிஞ்சும். இட்லிக் கடைக்கு அது −2400. புள்ளியாக எழுதினால் (0, −2400).

இலவசமாகக் கொடுத்தால் 140 பிளேட் போகும். 140 பிளேட்டுக்கு அடக்கம் 1400, நாள் செலவு 1000, ஆக 2400 நஷ்டம். சமன்பாடு சொன்னதும் அதுதான்.

இருபடிச் சார்புக்கு ஒய் வெட்டு எப்போதும் உண்டு, எப்போதும் ஒன்றே ஒன்றுதான். பரீட்சையில் இது இலவச மார்க்.

ஒரே ஒரு பொறி இருக்கிறது. சார்பு வேறு வடிவத்தில் கொடுக்கப்பட்டால் கடைசியில் தெரியும் எண் சி ஆகாது. உதாரணமாக ஒய் = −(எக்ஸ் − 3)² + 16. கண்ணுக்குத் தெரிகிற 16-ஐ ஒய் வெட்டு என்று எழுதிவிடுவார்கள். எக்ஸ் = 0 போட்டுப் பாருங்கள்: −9 + 16 = 7. ஒய் வெட்டு 7. அந்த 16 வளைவின் உச்சி உயரம். வடிவம் எதுவானாலும் எக்ஸுக்குப் பூஜ்யம் போடுவதுதான் விதி. சி-யை எடுத்து எழுதுவது அதன் குறுக்குவழி, அவ்வளவே.

படி 2: நடுக்கோடு

எக்ஸ் அச்சின் மேல் இருக்கிற எந்தப் புள்ளிக்கும் ஒய் மதிப்பு பூஜ்யம். ஆகவே ஒய் = 0 என்று போட்டு எக்ஸைக் கண்டுபிடிக்க வேண்டும்:

−2எக்ஸ்² + 160எக்ஸ் − 2400 = 0

முதலில் எக்ஸ்²-இன் கெழுவை, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண்ணை, 1 ஆக்குங்கள். இருபுறமும் −2-ஆல் வகுத்தால்:

எக்ஸ்² − 80எக்ஸ் + 1200 = 0

வலப்பக்கம் பூஜ்யமாக இருப்பதால்தான் இப்படி வகுக்க முடிகிறது. மேலே இருக்கிற சார்பை இப்படி வகுத்துவிட்டு, ஒய் வெட்டு 1200 என்று எழுதக் கூடாது. ஒய் வெட்டை எப்போதும் கொடுக்கப்பட்ட அசல் சார்பிலிருந்து எடுங்கள். அதனால்தான் அதை முதல் படியாகவே வைத்தேன்.

பரவளையம் ஒரு செங்குத்துக் கோட்டுக்கு இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கோடு சமச்சீர் அச்சு. வளைவு எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டினால், அந்த இரண்டு இடத்துக்கும் சரிபாதியில்தான் இந்தக் கோடு நிற்கும். அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. எக்ஸ்-இன் கெழுவைப் பாதியாக்கி, குறியை மாற்றுங்கள்.

நடு = −(−80) ÷ 2 = 40

கெழுவை 1 ஆக்காமலே செய்ய வேண்டுமென்றால் −பி ÷ 2ஏ. இங்கே −160 ÷ −4, அதுவும் 40.

படி 3: நடுவிலிருந்து எவ்வளவு தூரம்?

இரண்டு வெட்டுகளும் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்கின்றன. அந்தத் தூரத்தை விலகல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்று நடு + விலகல், இன்னொன்று நடு − விலகல். இரண்டையும் பெருக்கினால் நடு² − விலகல்². எக்ஸ்²-இன் கெழு 1 ஆக இருக்கும்போது மூலங்களின், அதாவது இந்த இரண்டு வெட்டுகளின், பெருக்கல் பலன் எக்ஸ் சேராத கடைசி எண்ணான மாறிலிக்குச் சமம் என்பது நமக்குத் தெரியும். ஆக:

விலகல்² = நடு² − மாறிலி

இட்லிக் கடைக்கு: 40² − 1200 = 1600 − 1200 = 400. விலகல் 20.

வெட்டுகள் 40 − 20 = 20, 40 + 20 = 60. புள்ளிகளாக (20, 0), (60, 0).

சரிபாருங்கள். 20 ரூபாய்க்கு விற்றால் 100 பிளேட் போகும். பிளேட்டுக்கு 10 ரூபாய் மிச்சம், மொத்தம் 1000, நாள் செலவுக்குச் சரி. 60 ரூபாய்க்கு விற்றால் 20 பிளேட்தான் போகும். பிளேட்டுக்கு 50 மிச்சம், அதுவும் 1000. 20-க்கும் 60-க்கும் இடையில் எந்த விலை வைத்தாலும் லாபம். நடுக்கோடான 40-இல் உச்ச லாபம்: 60 பிளேட், பிளேட்டுக்கு 30, மொத்தம் 1800, செலவு போக 800. அந்த 800-ஐத் தனியாகக் கணக்குப் போடவும் வேண்டாம். ஏ-யின் குறியை மாற்றி விலகல்²-ஆல் பெருக்கினால் வந்துவிடும். 2 × 400 = 800.

காரணி தேடவில்லை, சூத்திரமும் போடவில்லை. பாதியாக்கினோம், வர்க்கப்படுத்தினோம், கழித்தோம், வர்க்கமூலம் எடுத்தோம். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ 2019-இல் இந்த வழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற முறையாக முன்வைத்தபோது இணையத்தில் பெரிய பரபரப்பு. பாதியாக்கி வர்க்கப்படுத்துகிற யோசனை மட்டும் பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 3800 வருஷப் பழசு. இதை அவரும் மறைக்கவில்லை.

கேஸ் விலை ஏறினால்: மூன்று நிலைமைகள்

விலகல்² என்ற ஒற்றை எண்ணில்தான் எக்ஸ் வெட்டுகளின் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. அண்ணாச்சியின் நாள் செலவை மட்டும் ஏற்றிப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

செலவு 1000 ஆக இருந்தபோது விலகல்² = 400. நேர் எண். இரண்டு வெட்டு.

வாடகையும் கேஸும் ஏறி நாள் செலவு 1800 ஆகிவிட்டது. சார்பு ஒய் = −2எக்ஸ்² + 160எக்ஸ் − 3200. வகுத்தால் எக்ஸ்² − 80எக்ஸ் + 1600 = 0. நடு அதே 40. விலகல்² = 1600 − 1600 = 0. இரண்டு வெட்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டன. வளைவு எக்ஸ் அச்சை (40, 0) என்ற ஒரே புள்ளியில் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. சரியாக 40 ரூபாய் வைத்தால் மட்டும் கைக்காசு தப்பும்.

செலவு 2000 ஆனால்? ஒய் = −2எக்ஸ்² + 160எக்ஸ் − 3400. வகுத்தால் எக்ஸ்² − 80எக்ஸ் + 1700 = 0. விலகல்² = 1600 − 1700 = −100. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. எக்ஸ் வெட்டு இல்லை. என்ன விலை வைத்தாலும் நஷ்டம்தான். மிகக் குறைந்த நஷ்டம் 40 ரூபாய் விலையில் 200 ரூபாய். அண்ணாச்சி மறுபடி சைக்கிளை எடுப்பது நல்லது.

மூன்று கணக்கிலும் மாறியது சி மட்டும். வளைவின் உருவமும் நடுக்கோடும் மாறவில்லை. முழு வளைவும் அப்படியே கீழே இறங்கியது. அச்சுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது முதலில் தலைமட்டமாகி, பிறகு மூழ்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் பி² − 4ஏசி என்று வருகிற தன்மைக்காட்டி இதே எண்தான், கொஞ்சம் பெருக்கப்பட்ட உருவத்தில்: விலகல்²-ஐ 4ஏ²-ஆல் பெருக்கினால் தன்மைக்காட்டி கிடைக்கும். 4ஏ² எப்போதும் நேர் எண் என்பதால் இரண்டுக்கும் ஒரே குறி.

"எக்ஸ் வெட்டு இல்லை" என்பதும் முழு மார்க் வாங்குகிற விடை. பிள்ளைகள் அதை எழுதப் பயப்படுகிறார்கள். எங்கோ கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்து அடித்துவிட்டு, மைனஸ் 100-இன் வர்க்கமூலம் 10 என்று எழுதி வைக்கிறார்கள்.

கணக்கே போடாமல் சொல்லக்கூடியவை

ஏ-யும் சி-யும் எதிர்க் குறியாக இருந்தால் எக்ஸ் வெட்டு கட்டாயம் இரண்டு; அதில் ஒன்று நேர்ப் பக்கம், ஒன்று குறைப் பக்கம். ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 15 என்ற சார்பை எடுங்கள். வளைவு (0, −15)-இல், அச்சுக்குக் கீழே இருக்கிறது. ஏ நேர் எண் என்பதால் இரு முனைகளும் மேலே போகின்றன. கீழே இருந்து மேலே போக வேண்டுமானால் இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை அச்சைத் தாண்டியே ஆக வேண்டும். நடு 1, விலகல்² = 1 + 15 = 16, விலகல் 4. வெட்டுகள் −3, 5. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

ஏ-யும் சி-யும் ஒரே குறியாக இருந்தால் இப்படி உறுதி சொல்ல முடியாது; விலகல்²-ஐப் பார்க்க வேண்டும். வெட்டுகள் இருந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில், நடுக்கோடு இருக்கிற பக்கத்தில்தான் இருக்கும்.

சி = 0 என்றால் வளைவு ஆதிப்புள்ளி வழியாகப் போகும். ஒய் = 3எக்ஸ்² − 12எக்ஸ். ஒய் வெட்டு 0. எக்ஸ் வெட்டுக்கு 3எக்ஸ்(எக்ஸ் − 4) = 0, ஆக 0, 4. இங்கே இருபுறமும் எக்ஸால் வகுத்துவிட்டு 4-ஐ மட்டும் எழுதுவது ரொம்பப் பரவலான தப்பு. பூஜ்யமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்க முடியாது. வகுத்தால் ஒரு விடை தொலைந்துபோகும்.

பி = 0 என்றால் நடுக்கோடு ஒய் அச்சேதான். ஒய் = எக்ஸ்² − 9 என்பதற்கு 3, −3. ஒய் = எக்ஸ்² + 9 என்பதற்கு எதுவும் இல்லை.

காரணிப்படுத்துதல்: எப்போது, எவ்வளவு நேரம்?

எக்ஸ்² − 2எக்ஸ் − 15 மாதிரி கண்ணில் பட்டதும் (எக்ஸ் − 5)(எக்ஸ் + 3) என்று தெரிந்தால் தாராளமாக அதையே செய்யுங்கள். கூட்டினால் −2, பெருக்கினால் −15 வருகிற இரண்டு எண்கள் −5, 3. பெருக்கல் பூஜ்யம் என்றால் இரண்டில் ஒன்று பூஜ்யம்: எக்ஸ் − 5 = 0 அல்லது எக்ஸ் + 3 = 0. அடைப்புக்குள் +3 இருந்தால் வெட்டு −3. இந்தக் குறி மாற்றத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

கொஞ்ச நேரம் தேடியும் எண்கள் அகப்படவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அவை இல்லாமலே இருக்கலாம். உதாரணம்:

ஒய் = 2எக்ஸ்² − 7எக்ஸ் + 4

ஒய் வெட்டு 4. இதற்கு முழு எண்களில் காரணி கிடையாது. பெருக்கினால் 8, கூட்டினால் −7 வருகிற முழு எண் சோடி இல்லை. நடுக்கோட்டு வழியில் போனால்: 2-ஆல் வகுத்து எக்ஸ்² − 3.5எக்ஸ் + 2 = 0. நடு 1.75. விலகல்² = 3.0625 − 2 = 1.0625. விலகல் சுமார் 1.03. வெட்டுகள் சுமார் 0.72, 2.78.

தசமம் பிடிக்கவில்லையா? அப்போது சூத்திரம்தான் சுகம்.

சூத்திரமும் ஸ்ரீதரரும்

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிற சூத்திரத்தை, இந்தி மீடியத்தில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீதராசார்யர் சூத்திரம் என்பார்கள். ஸ்ரீதரர் பழைய காலத்து இந்தியக் கணித அறிஞர். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் விதியை மேற்கோள் காட்டிக் காப்பாற்றியவர் 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர். மும்பையிலிருந்து நாசிக் வழியாகப் போகும் ரயில் பாதையில் சாளிஸ்காவ் வரும். அதன் அருகே பாட்டண் என்ற ஊரில், பாஸ்கரரின் நூல்களைக் கற்பிக்க அவர் பேரன் சங்கதேவர் ஒரு மடம் அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது.

ஸ்ரீதரரின் விதி அழகானது, பின்னமே வராது. இருபுறமும் 4ஏ-ஆல் பெருக்கு, பி²-ஐக் கூட்டு, வர்க்கமூலம் எடு. நம் கணக்கில் 4ஏ = 8:

16எக்ஸ்² − 56எக்ஸ் + 32 = 0
16எக்ஸ்² − 56எக்ஸ் = −32
இருபுறமும் 49 கூட்ட: 16எக்ஸ்² − 56எக்ஸ் + 49 = 17
(4எக்ஸ் − 7)² = 17
4எக்ஸ் − 7 = ±√17
எக்ஸ் = (7 ± √17) ÷ 4

√17 சுமார் 4.123. ஆக 2.78, 0.72. இதையே எல்லா எண்ணுக்கும் பொதுவாகச் செய்தால் நீங்கள் மனப்பாடம் செய்கிற சூத்திரம்:

எக்ஸ் = (−பி ± √(பி² − 4ஏசி)) ÷ 2ஏ

இதில் முதல் பகுதியான −பி ÷ 2ஏ நம் நடுக்கோடு; ± போட்ட பகுதி விலகல். 2ஏ மொத்தத்துக்கும் கீழே வர வேண்டும், வர்க்கமூலத்துக்கு மட்டும் கீழே அல்ல. பி = −7 என்றால் −பி = 7, பி² = 49. சயின்டிஃபிக் கால்குலேட்டரில் அடைப்பு இல்லாமல் −7² என்று அடித்தால் −49 காட்டும். (−7)² என்று அடிக்க வேண்டும்.

கேள்வித்தாளில் "வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்" என்றோ "சூத்திர முறையில் தீர்" என்றோ இருந்தால் அந்த வழியிலேயே எழுதுங்கள். நடுக்கோட்டு வழியை ஓரத்தில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். வழி சொல்லாத கேள்விகளிலும், விடையை மட்டும் குறிக்கிற நுழைவுத் தேர்வுகளிலும் அது கைகொடுக்கும்.

அரை நிமிஷச் சரிபார்ப்பு

விடை வந்ததும் இரண்டையும் கூட்டுங்கள். −பி ÷ ஏ வர வேண்டும். பெருக்குங்கள், சி ÷ ஏ வர வேண்டும். 0.72 + 2.78 = 3.5, 7 ÷ 2-ம் அதுவே. 0.72 × 2.78 ஏறக்குறைய 2, 4 ÷ 2-ம் அதுவே. குறி தப்பியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

படம் வரைய வேண்டுமென்றால் ஐந்து புள்ளி போதும்: ஒய் வெட்டு, நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அதன் பிம்பம், நடுக்கோட்டில் வளைவு திரும்புகிற முனை, இரண்டு எக்ஸ் வெட்டு. பிம்பம் சும்மா கிடைக்கும். எக்ஸ்² − 2எக்ஸ் − 15-க்கு நடு 1; (0, −15)-இன் பிம்பம் (2, −15). முனை (1, −16). எக்ஸ் வெட்டு இல்லாத சார்புக்கு இந்தப் பிம்பப் புள்ளிதான் உயிர். அது இல்லாவிட்டால் வளைவைக் கண்மூடி வரைய வேண்டியிருக்கும்.

போனில் டெஸ்மாஸ் அல்லது ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி இருந்தால் சார்பை அடித்துப் பாருங்கள். டெஸ்மாஸில் வளைவைத் தொட்டால் வெட்டும் புள்ளிகளைச் சாம்பல் நிறப் பொட்டாகக் காட்டும். கணக்கைப் போட்டு முடித்த பிறகு பார்த்தால் பயன், முன்பே பார்த்தால் கெடுதல்.

எந்த வெட்டை ஏற்பது?

சார்பு கதையிலிருந்து வந்திருந்தால் இரண்டு விடையும் செல்ல வேண்டும் என்பதில்லை. எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி, தரையிலிருந்து 25 மீட்டர். அங்கிருந்து பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால், எக்ஸ் வினாடி கழித்து உயரம் ஏறக்குறைய

ஒய் = −5எக்ஸ்² + 20எக்ஸ் + 25

ஒய் வெட்டு 25: எறிந்த கணத்தில் பந்து இருந்த உயரம். எக்ஸ் வெட்டுக்கு எக்ஸ்² − 4எக்ஸ் − 5 = 0; நடு 2, விலகல்² = 4 + 5 = 9, வெட்டுகள் −1, 5. எறிவதற்கு ஒரு வினாடி முன்பு பந்து தரையில் இல்லை, கையில் இருந்தது. 5-ஐ வைத்துக்கொண்டு −1-ஐத் தள்ள வேண்டும். வளைவைப் பொறுத்தவரை −1-ம் உண்மையான வெட்டுதான், கதைக்குத்தான் ஆகாது. ஆகவே "எக்ஸ் வெட்டுகள் எவை" என்று கேட்டால் இரண்டையும் எழுதுங்கள். "பந்து எப்போது தரையைத் தொடும்" என்று கேட்டால் 5 வினாடி என்று மட்டும் எழுதுங்கள்.

குறை எண்ணைத்தான் தள்ள வேண்டும் என்றும் விதி இல்லை. பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு வைத்திருக்கிறார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, மூன்றைக் கழித்து, வர்க்கப்படுத்திய எண்ணிக்கை குகைக்குள் போய்விட்டது. மிச்சம் ஒரே குரங்கு கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? சுருக்கினால் எக்ஸ்² − 55எக்ஸ் + 250 = 0. நடு 27.5, விலகல்² = 756.25 − 250 = 506.25, விலகல் 22.5. வெட்டுகள் 5, 50. இரண்டும் நேர் எண், இரண்டும் முழு எண். ஆனால் 5 என்று எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் −2 குரங்கு. வர்க்கப்படுத்தும்போது அந்த மைனஸ் மறைந்துவிடுகிறது, அதனால் சமன்பாடு 5-ஐயும் ஏற்றுக்கொள்கிறது. பாஸ்கரர் ஏற்கவில்லை, 50-ஐத்தான் எடுத்தார். விடையைக் கடைசிச் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. கதையின் முதல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தலைகீழாகக் கேட்டால்

எக்ஸ் வெட்டுகள் −2, 6, ஒய் வெட்டு 24, சார்பு என்ன? நுழைவுத் தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த கேள்வி. எக்ஸ் வெட்டுகளிலிருந்து:

ஒய் = ஏ(எக்ஸ் + 2)(எக்ஸ் − 6)

இங்கேயே நின்று ஏ = 1 என்று வைத்துவிடாதீர்கள். ஒரே இரண்டு புள்ளி வழியாக எண்ணற்ற பரவளையங்கள் போகும். ஒல்லியும் தடியும், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும். ஒய் வெட்டுதான் எது என்று தீர்மானிக்கிறது. எக்ஸ் = 0 போட்டால் −12ஏ = 24, ஏ = −2. ஒய் = −2எக்ஸ்² + 8எக்ஸ் + 24.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒய் வெட்டு, பிறகு நடு, பிறகு விலகல்².

1. ஒய் = எக்ஸ்² + 4எக்ஸ் − 21
2. ஒய் = −3எக்ஸ்² + 12எக்ஸ் − 12
3. ஒய் = 2எக்ஸ்² + 8எக்ஸ் + 11
4. ஒய் = (எக்ஸ் − 1)² − 6
5. எக்ஸ் வெட்டுகள் −1, 4. ஒய் வெட்டு 8. சார்பு என்ன?

விடைகள்:

1. ஒய் வெட்டு −21. நடு −2, விலகல்² 25. எக்ஸ் வெட்டுகள் −7, 3.
2. ஒய் வெட்டு −12. வகுத்த பிறகு வரும் 4 அல்ல. நடு 2, விலகல்² 0. (2, 0)-இல் தொட்டுத் திரும்பும்.
3. ஒய் வெட்டு 11. நடு −2, விலகல்² −1.5. எக்ஸ் வெட்டு இல்லை. வளைவின் அடிப்புள்ளி (−2, 3).
4. ஒய் வெட்டு −5. நடு 1, விலகல்² 6. எக்ஸ் வெட்டுகள் 1 ± √6, அதாவது சுமார் −1.45, 3.45.
5. −4ஏ = 8, ஏ = −2. ஒய் = −2எக்ஸ்² + 6எக்ஸ் + 8. ஏ-யும் சி-யும் எதிர்க் குறி, வெட்டுகளும் ஆளுக்கொரு பக்கம்.